ஏழாம் நம்பர் வேனுக்கு முப்பத்தொண்ணு மார்க்கு

அடுத்தவன் ஓட்டுற வண்டிக்கு உக்காந்த எடத்துல இருந்தே பிரேக் போடுறதுதான் என் பொழப்பு.

சிரிக்காதீக. இப்ப இப்படியும் ஒரு வேலை இருக்கு. சிவகாசியில ஒரு டிராவல்ஸ் ஆபீசு, பதினாலு வேன். காலையில கிராமங்கள்ல இருந்து ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போய் பட்டாசுக் கம்பெனிகள்ல எறக்கி விடணும், சாயங்காலம் பத்திரமா வீட்டுல கொண்டாந்து சேக்கணும். ஓட்டுறவன் பூராம் இருபது, இருபத்தஞ்சு வயசுப் பயலுக. நானும் அதே டிராவல்ஸ்ல இருபத்திரண்டு வருசம் வேன் ஓட்டுனவன்தான். சர்க்கரை வந்து கண்ணு மங்கவும், மொதலாளி ஸ்டீயரிங்கைப் புடுங்கிக்கிட்டு கையில ஒரு பெரிய போனைக் குடுத்து, இனி நீ ஓட்ட வேண்டாம், ஓட்டுறவனுகளைப் பாத்துக்கோன்னுட்டாரு. கண்ணு தெரியாதவனுக்குக் கண்காணிக்கிற வேலை. நம்ம ஊர் நியாயம் அப்படித்தான்.

அந்தப் போனுக்குள்ள ஒரு ஆப். ஒவ்வொரு டிரைவர் போன்லயும் அதைப் போட்டு விட்டிருக்கு. பய எம்புட்டு வேகம் போறான், எங்கன சடன் பிரேக் அடிக்கான், எந்தத் திருப்பத்துல ஒடிச்சுத் திருப்புறான், ஓட்டிக்கிட்டே போனை நோண்டுறானா, எல்லாத்தையும் அது பாத்துக்கிட்டே இருக்கும். வண்டி நின்னதும் நூத்துக்கு இம்புட்டுன்னு மார்க்கு போடும். மார்க்கு கொறஞ்சா நான் கூப்பிட்டு வையணும். வீட்டுல வயசுப் பயலுக்கு பைக்கு வாங்கிக் குடுத்துட்டு, அவன் வர்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கீகளே, உங்களுக்குச் சொல்லுதேன். உங்களுக்கு ஒத்தப் பய. எனக்குப் பதினாலு பேரு.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிருதேன், இல்லைன்னா நான் ஏன் இப்படிக் கெடந்து தவிக்கேன்னு உங்களுக்குப் புரியாது. என் வீட்டுக்காரி முத்துமாரியும் பட்டாசுக் கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போறா. சாத்தூருக்கு மேக்க எங்க ஊர்ல இருந்து அவ ஏறிப் போறது ஏழாம் நம்பர் வேன். அதை ஓட்டுறவன் அழகர்சாமி, வயசு இருபத்தொண்ணு.

மொத நாள் ரிசல்ட்

ஆப் போட்ட அன்னைக்கு மட்டும் காலை டிரிப்பை முடிச்சிட்டு எல்லாரும் ஷெட்டுக்கு வரணும்னு மொதலாளி உத்தரவு, பயலுக எல்லாம் வந்தானுக. வந்தவன் ஒருத்தனும் டீ குடிக்கப் போகல. பத்தாம் வகுப்பு ரிசல்ட் பாக்குற மாதிரி ஒருத்தன் போனை ஒருத்தன் எட்டிப் பாத்துக்கிட்டு, தோளைத் தட்டிக்கிட்டு ஒரே கும்மாளம். அடடா, பயலுகளுக்கு இம்புட்டு அக்கறையான்னு எனக்கு மனசு குளுந்து போச்சு. ஆப் தயாரிச்சவன் நல்லா இருக்கணும்னு வாய்விட்டே சொன்னேன்.

பக்கத்துல போய்ப் பாத்தா பகீர்னு இருக்கு. நூத்துக்கு எம்புட்டுங்கிற எடத்தை ஒருத்தனும் பாக்கல. அதுக்குக் கீழ, இன்னைக்கு இவன் போன அதிகபட்ச வேகம் இதுன்னு ஒரு கட்டம் இருக்கும். எல்லாப் பயலும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தானுக. நம்ம ரோடு தெரியும்ல உங்களுக்கு, பள்ளத்துக்கு நடுவுல கொஞ்சம் தாரு. அதுல தொண்ணூத்துநாலு போயிருக்கான் அஞ்சாம் நம்பர்க்காரன். பின்னாடி பதினாறு பொம்பளைக உக்காந்திருக்காக. அழகர் அந்தக் கும்பல்ல சேரல, தள்ளி நின்னு டயர்ல கல்லு நோண்டிக்கிட்டு இருந்தான். நல்ல பயன்னு நெனச்சு அவன் மார்க்கைப் பாத்தேன். நூத்துக்கு முப்பத்தொண்ணு. பதினாலு வேன்ல அதுதான் கடைசி.

நாளைக்கு என் பொண்டாட்டி அந்த வேன்ல ஏறணுமேன்னு நான் யோசிச்சுக்கிட்டு நிக்கேன், அஞ்சாம் நம்பர்க்காரன் போனைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனான்.

"அண்ணே, இதுல நான்தான் ஃபஸ்ட். நாளைக்கு நூறைத் தாண்டிருவேன், பாருங்க."

நாலு பேருக்கும் தொண்ணூத்துநாலு

எல்லாரையும் நிக்க வச்சு வைய வேண்டிய விதத்துல வஞ்சேன். மார்க்கு கொறஞ்சா வண்டியைக் குடுக்க மாட்டேன்னு மொதலாளியும் சொல்லிட்டாரு. ஒரு வாரத்துல மார்க்கு எகிற ஆரம்பிச்சது. அஞ்சாம் நம்பர், எட்டு, ஒம்போது, பன்னெண்டு, நாலும் தொண்ணூத்துநாலு. மறுநாளும் நாலு பேருக்கும் ஒரே மார்க்கு. மூணாவது நாளும் அப்படியே. எனக்கு இங்கிட்டு சந்தோசம், அங்கிட்டு சந்தேகம். இம்புட்டு சீக்கிரம் திருந்துறதுக்கு அவனுக என்ன, என் பேச்சைக் கேட்டு வளந்தவனுகளா.

மேப்பைத் தொறந்து பாத்தேன். நாலு வேனும் நாலு ஊர்ல ஆள் ஏத்திக்கிட்டு நாலு கம்பெனிக்குப் போகணும். மேப்புல நாலும் ஒரே எடத்துல, ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கிட்டு, ஒரே வேகத்துல ஊர்ந்து போகுது. தூக்கிவாரிப் போட்டுருச்சு. நாலும் ஒண்ணோட ஒண்ணு மோதிக் கெடக்குன்னே நெனச்சுட்டேன். அஞ்சாம் நம்பருக்குப் போன் போட்டேன், மாடசாமி பேசுனான். எட்டுக்குப் போட்டேன், மாடசாமி. ஒம்போதுக்கும் மாடசாமி. மாடசாமி ஓட்டுறது மூணாம் நம்பர். அந்த வண்டிக்கு கிளட்ச் பிளேட் போயி மாசமாச்சு, நாப்பதுக்கு மேல நகராது. விசயம் என்னன்னா, காலையில சாத்தூர் ரோட்டு டீக்கடையில கூடும்போதே நாலு பயலும் அவனவன் போனை ஒரு மஞ்சப்பையில போட்டு மாடசாமி வண்டியில வச்சு விட்டுட்டு, இவனுக பாட்டுக்கு காத்தாப் பறந்திருக்கானுக. மார்க்கு மாடசாமி வாங்கிக் குடுத்திருக்கான்.

சாயங்காலம் அஞ்சாம் நம்பர்க்காரனைப் புடிச்சு, உனக்கு மனசாட்சி இருக்கான்னு கேட்டேன். பய கூச்சமே இல்லாம பதில் சொன்னான்.

"ஒருத்தன் மெதுவாப் போனாப் போதும்லண்ணே, அவன் எங்களுக்கும் சேத்துத்தான் போறான்."

பதினோரு மணி

பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள்ள செல்போன் போகக் கூடாது. தொழிலாளி போனு, டிரைவர் போனு எல்லாத்தையும் வாசல்ல வாட்ச்மேன் வாங்கி ஒரு பெட்டியில போட்டு வச்சிருவாரு. காலையில எறக்கி விட்டா சாயங்காலம் ஏத்துற வரைக்கும் ஏழாம் நம்பர் வேன் கம்பெனி மரத்தடியிலதான் நிக்கும். அதனால காலை எட்டு மணியில இருந்து மேப்புல ஏழாம் நம்பர் புள்ளி அசையாது.

ஒரு நாள் பதினோரு மணிக்கு அது அசஞ்சது. கேட்டைத் தாண்டி சிவகாசிப் பக்கம் நாப்பத்தஞ்சுல வருது. பட்டாசுக் கம்பெனியில இருந்து பதினோரு மணிக்கு வேன் டவுனைப் பாத்து வருதுன்னா, அது எதுக்கு வரும்னு எங்க பக்கத்துல பொறந்த பிள்ளைக்கும் தெரியும். அழகருக்குப் போட்டேன், மணி அடிக்கி, எடுக்க ஆளில்லை. முத்துமாரிக்குப் போட்டேன், அதுவும் அப்படித்தான். கம்பெனி போனு பிஸி. செருப்பைக் கூடப் போடாம ரோட்டுல ஓடி, வந்த ஆட்டோவை மறிச்சு, பெரியாஸ்பத்திரிக்கு விடுறான்னு கத்துனேன். போற வழியில புள்ளி நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில இல்லை, அதுக்கு ரெண்டு கிலோமீட்டர் முந்தி. அங்கன போய் எறங்குனா ஒரு பெட்டிக்கடை. கடை வாசல்ல ஒரு டிவிஎஸ் பிப்டி. அதோட கேரியர்ல கயிறு போட்டுக் கட்டுன பெட்டி, உள்ள இருந்து முத்துமாரி போனு மணி அடிச்சுக்கிட்டு இருக்கு. வாட்ச்மேன் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு நிக்காரு.

முன்னாடி ஒரு போனு காணாமப் போயி அவரு தலையில விழுந்துச்சாம், அதனால எங்க போனாலும் பெட்டியைக் கையோட எடுத்துக்கிட்டுப் போயிருவாராம். எனக்கு அழுகையும் வருது, ஆத்திரமும் வருது. திண்டுல உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டு, ஆப்னா என்ன, அது எப்படி வேகத்தைப் பாத்து மார்க்கு போடும், நான் ஏன் இப்படி ஓடியாந்தேன், எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். பொறுமையா கேட்டாரு மனுசன். வெத்தலையை வாயில போட்டு ஒதுக்கிக்கிட்டு ஒரு கேள்வி கேட்டாரு.

"அப்ப எனக்கு எம்புட்டு மார்க்கு போட்டிருக்கு?"

மாப்பிள்ளை மார்க்கு

பதினோராம் நம்பர் ராமருக்கு இருபத்துநாலு வயசு. நெசமாவே நிதானமா ஓட்டுறவன், தொண்ணூத்தாறுக்குக் கொறையாது. அவனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருந்தாக. ஒரு நாள் பொண்ணோட அப்பா ஆபீசுக்கே வந்துட்டாரு. காடு கரை உள்ள சம்சாரி, வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. பய குடிக்கானா கொள்றானான்னு விசாரிக்க வந்திருக்காருன்னு நெனச்சு நானும் நல்ல வார்த்தை சொல்லத் தயாரா இருந்தேன். அவரு அதெல்லாம் கேக்கல. ஏதோ மார்க்கு போடுதாமே, அதைக் காட்டுங்கன்னாரு.

நான் பெருமையோட மூணு மாச மார்க்கையும் எடுத்துக் காட்டுனேன். ஒத்தை நாள் கூட செவப்பு இல்லை. அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. மூஞ்சி சுருங்கிக்கிட்டே போச்சு. இதுல என்ன கொறை கண்டீகன்னு கேட்டேன். போனை என்கிட்டயே திருப்பிக் குடுத்தாரு.

"வயசுப் பய நூத்துக்குத் தொண்ணூத்தாறு வாங்குறான்னா எங்கனயோ தப்பு இருக்கு தம்பி, நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்."

நாலு கிலோமீட்டர் செவப்பு

மத்தவனுக எல்லாம் அறுபது, எழுபதுன்னு ஏறி வந்துட்டானுக. ஏழு மட்டும் ஏறல. ராவும் பகலும் எனக்கு அதே நெனப்பு. ஒரு நாள் உக்காந்து அழகரோட டிரிப்பை ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தேன். அதிர்ச்சி அங்கன இருந்துச்சு. நான் இது வரைக்கும் காலை மார்க்கைத்தான் பாத்திருக்கேன், சாயங்கால டிரிப்புல பய தொண்ணூறு வாங்கியிருக்கான். அதே பய, அதே வேன், அதே ரோடு. காலையில மட்டும் முப்பத்தொண்ணு. அதுலயும் ஊர்ல இருந்து கண்மாய்க்கரை வரைக்கும் பச்சைக் கோடு. கண்மாய்க்கரைத் திருப்பத்துல இருந்து கம்பெனி கேட்டு வரைக்கும் நாலு கிலோமீட்டர் ரத்தச் செவப்பு. அந்த நாலு கிலோமீட்டர்லதான் ஆலங்குளத்துல இருந்து சிமெண்டு லாரி எதுக்க வரும்.

முத்துமாரிகிட்ட கேட்டேன். உன் வேன்காரன் காலையில இப்படிப் பறக்கானே, நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு. நல்லாத்தான ஓட்டுதான், பயலைப் போட்டு வதைக்காதீகன்னு சொல்லிட்டு, அடுப்பைப் பாக்கப் போயிட்டா. கட்டுன பொண்டாட்டி உசுருக்கு நான் பதறுதேன், அவ என்னைக் குத்தம் சொல்லுதா. எனக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு.

மறுநாள் அழகரைத் தனியா கூப்பிட்டேன். இந்த வாரம் காலை டிரிப்புல அறுபது வரலைன்னா உன்கிட்ட இருந்து வேனை வாங்கிறச் சொல்லி மொதலாளி சொல்லிட்டாரு, வீட்டுல நீ ஒருத்தன்தான் சம்பாதிக்க, யோசிச்சுக்கோன்னேன். அந்த நாலு கிலோமீட்டரை மட்டுமாவது நாப்பதுல போயேன்டான்னு கெஞ்சவும் செஞ்சேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டவன் சாவியை எடுத்து என் மேசை மேல வச்சான்.

"வேனை நிப்பாட்டச் சொல்லுங்க, நிப்பாட்டிருதேன் அண்ணே. அந்த நாலு கிலோமீட்டர்ல மெதுவாப் போகச் சொல்லாதீக."

நானும் ஏறிப் போனேன்

சாவியை அவன் கையிலயே திணிச்சு அனுப்பிட்டு, மறுநாள் காலையில நானும் ஏழாம் நம்பர்ல ஏறிட்டேன். பதினெட்டு பொம்பளைக. எல்லாருக்கும் என்னைத் தெரியும். என்னண்ணே, மதினியை விட்டுட்டு இருக்க முடியலையான்னு ஒருத்தி கேக்க, எல்லாரும் சிரிக்க, முத்துமாரி முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. அழகர் முப்பத்தஞ்சு, நாப்பதுல பொறுப்பா ஓட்டிக்கிட்டு வந்தான். பின்னாடி ஊர்க்கதை ஓடுது. இவனைப் போயி சந்தேகப்பட்டோமேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

கண்மாய்க்கரை திரும்புச்சு. எங்களுக்குப் பின்னாடி இன்னொரு வேன் தெரிஞ்சது. வேற டிராவல்ஸ்காரன், வேற ஊர் ஆளுக, ஆனா போறது அதே கம்பெனிக்கு. உள்ள பேச்சு அப்படியே நின்னு போச்சு. வந்துட்டான்னு ஒருத்தி கத்துனா. அம்புட்டுதான். பதினெட்டு பேரும் வேன் தகரத்தைத் தட்ட ஆரம்பிச்சுட்டாக. விரட்டுப்பா, விடாதப்பான்னு ஒரே குரல். அந்தக் குரல்ல பெரிய குரலு யாரு குரலுன்னு நெனைக்கீக, என் முத்துமாரி குரலு. அழகர் ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் புடிச்சான். எதுக்க சிமெண்டு லாரி வருது, பின்னாடி அந்த வேன் வலது பக்கம் மூக்கை நீட்டுது, இவன் விடல. நான் தரையில இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டேன்.

கண்ணைத் தொறந்தப்போ கம்பெனி கேட்டு. வேன் நிக்க முன்னாடியே குதிக்க ஆரம்பிச்சுட்டாக. போனைப் பெட்டிக்குள்ள வீசிட்டு, தூக்குவாளியைக் கையில புடிச்சுக்கிட்டு பதினெட்டு பேரும் ஓடுறாக. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பொண்டாட்டி ஓடி நான் பாத்ததில்லை. அவ எல்லாருக்கும் முன்னால ஓடுறா. என்னலே இதுன்னு அழகரைப் பாத்தேன். அவன் சட்டையில மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு இருந்தான்.

"நூறு மார்க்கு வாங்க எனக்குத் தெரியும் அண்ணே, அப்புறம் இவுக மூஞ்சியில நான் முழிக்க முடியாது."

கதவோரம்

அன்னைக்கு சாயங்காலம் முத்துமாரியை உக்கார வச்சு, இப்ப நீ சொல்லித்தான் ஆகணும்னேன். அவ அடுப்படித் தரையில விரலாலயே ஒரு கட்டம் போட்டுக் காட்டுனா. இது வெடிமருந்து அடைக்கிற ரூமு. இங்கன கதவு. ரூமுல இம்புட்டு பேருதான் இருக்கணும்னு கணக்கு உண்டு, சீசன்ல ஆர்டர் நெருக்கும்போது அந்தக் கம்பெனியில கூட ஆளைப் போட்டு உக்கார வச்சிருவாக. கதவுகிட்ட நாலு பேரு உக்காரலாம். பெறகு வர்றவ உள்ள தள்ளி, செவத்தோரம் உக்காரணும். யாருக்கு எந்த எடம்னு எழுதி வைக்கல. மொதல்ல வந்தவளுக்கு கதவோரம்.

ஏதாச்சும் ஒண்ணுன்னா கதவோரம் இருக்கிறவ ரெண்டு எட்டுல வெளிய வந்துருவா. போன சீசன்ல பக்கத்து ரூமுல மருந்து பத்துனப்போ கதவோரம் இருந்தவுக வந்துட்டாக. செவத்தோரம் இருந்த ஒருத்தி வரல. அவ எங்க வேன்ல ஜன்னல் பக்கம் உக்காந்து வருவா, அன்னைக்கு வேன் டயர் பஞ்சராகி லேட்டா வந்து சேந்தோம். இதைச் சொல்லும்போது முத்துமாரி அழுகல, எனக்குத்தான் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அவ செத்தது உங்களுக்கும் தெரியும், செவத்தோரம் உக்காந்ததாலதான்னு வீட்டுல வந்து சொல்லியிருந்தா நீங்க என்னை வேலைக்கு விட்டிருக்க மாட்டீக, பெறகு சோத்துக்கு என்ன செய்யன்னா. அதிகாரிககிட்ட மனு குடுப்போம்னு சொன்னேன். அவுக வர்ற அன்னைக்கு மட்டும் ஆளைக் கொறைப்பாக, மறுநாள் பழையபடிதான், மனு குடுத்தவ பேரு மட்டும் நிக்கும்னா. அதெல்லாம் இருக்கட்டும், வேன் கவுந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்தியான்னு கேட்டேன். என்னை நேராப் பாத்து சொன்னா.

"வேன் கவுந்தா கை கால் போகும். செவத்தோரம் உக்காந்தா என்ன போகும்னு நீங்களே சொல்லுங்க."

கேட்டுக்கு உள்ள, கேட்டுக்கு வெளிய

மறுநாள் நேரா அந்தக் கம்பெனி போர்மேனைப் போய்ப் பாத்தேன். கணக்குக்கு மேல ஆள் போடாதீகன்னு சொல்ல எனக்குப் பாத்தியதை இல்லைதான், இருந்தாலும் சொன்னேன். அது முடியாதுன்னா, யாரு எந்த எடத்துல உக்காரணும்னு முன்னாலயே எழுதி ஒட்டிருங்க, வேன் ரெண்டும் போட்டி போடாதுன்னேன். ஆப்பைத் தொறந்து அந்த நாலு கிலோமீட்டர் செவப்பையும் காட்டுனேன். ஒரு நாளைக்கு ரெண்டு வேனும் மோதுச்சுன்னா முப்பத்தஞ்சு உசுரு, உங்களுக்கு நாளைக்கு லோடு அடைக்க ஆள் இருக்காதுன்னு அவரு பாஷையிலயே சொல்லிப் பாத்தேன்.

அவரு போனைக் கையில வாங்கி, நல்லாத்தான் இருக்கு, இது எந்தக் கம்பெனி போனுன்னு விசாரிச்சாரு. பெறகு எந்திரிச்சு, கேட்டு வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பி வச்சாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன்.

"கேட்டுக்கு வெளிய நீங்க பாருங்க, உள்ள நாங்க பாத்துக்கிடுதோம்."

முறை

அவுக பாத்துக்கிடலைன்னதும் பொம்பளைகளே பாத்துக்கிட்டாக. ஒரு ஞாயித்துக்கிழமை முத்துமாரியும் இன்னும் நாலு பேரும் அந்த இன்னொரு வேன்காரவுக ஊருக்கே கெளம்பிப் போயிட்டாக. சண்டைக்குப் போறாகன்னு பயந்து நானும் கூடப் போனேன். அங்கன மரத்தடியில உக்காந்து ஒரு மணி நேரம் பேசுனாக. கண்மாய்த் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரிதான் பேச்சு. ஒரு நாள் எங்க வேன் ஆளுகளுக்குக் கதவோரம், மறுநாள் அவுகளுக்கு. யாரு முந்தி வந்தாலும் முறைக்காரவுகளுக்கு எடத்தை விட்டுறணும். ஒரு வேனுக்குள்ளயே இன்னைக்கு யாரு, நாளைக்கு யாருன்னு ஒரு முறை. அதை நான்தான் தாள்ல எழுதிக் குடுத்தேன். எழுதும்போது என் பொண்டாட்டி பேரை எந்தக் கட்டத்துல எழுதன்னு என் கை அங்கனயும் இங்கனயும் தடுமாறுனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கக்கிழமையில இருந்து அந்த நாலு கிலோமீட்டர் பச்சையாயிருச்சு. அழகருக்கு எண்பது, எண்பத்தெட்டு, அப்புறம் தொண்ணூத்திரண்டு. மொதலாளிக்குத் தலைகால் புரியல. நடந்ததை நான் ஆதியோடு அந்தமாச் சொல்லியும் அவரு காதுல ஏறல. ஆப் விக்கிறவுகளைக் கூப்பிட்டுக் காட்டி, அழகருக்கு மாலை போட்டு போட்டோ எடுத்து, அடுத்த வருசத்துக்கு டிராவல்ஸ் காலண்டர்ல அவன் படத்தைத்தான் அச்சடிக்கணும்னு பிரஸ்ஸுல சொல்லிட்டாரு. மாலையோட நின்ன அழகர் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாக்கல. மொதலாளி என் முதுகுல ஓங்கித் தட்டுனாரு.

"பாத்தியா, ஒரு ஆப் போட்டதும் பய எப்படித் திருந்திட்டான்."

இன்னைக்கு யாரு முறை

நேத்து காலையில நான் ஆபீசுல உக்காந்து ஏழாம் நம்பர் புள்ளியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கண்மாய்க்கரை திரும்பி முப்பத்தெட்டுல போகுது. வழக்கமா அந்த நேரத்துல அடிக்கிற நெஞ்சு அடிக்கல. அப்பாடான்னு டீயை எடுத்து ஒரு வாய் குடிச்சேன். கேட்டுல போனைக் குடுக்க முன்னாடி முத்துமாரி என்னைக் கூப்பிட்டா. வேலைக்குப் போற நேரத்துல அவ கூப்பிடவே மாட்டா. என்னமோ ஏதோன்னு எடுத்தேன்.

ஒண்ணுமில்லை, சும்மாதான்னா. சோறு எடுத்துக்கிட்டுப் போனீகளா, மாத்திரை போட்டீகளான்னு கேட்டா. வேன் எப்படி வந்துச்சுன்னு நான் கேட்டேன். நல்லா மெதுவா வந்துச்சுன்னா. அப்ப நிம்மதியாப் போயிட்டு வான்னு நான் சொன்னேன். போனை வாங்கப் பெட்டியை நீட்டிக்கிட்டு வாட்ச்மேன் சீக்கிரம்னு சொல்றது கேக்குது. போனைக் குடுக்க முன்னாடி சொன்னா.

"எங்க முறை நாளைக்குங்க, இன்னைக்கு எனக்கு செவத்தோரம்."

போனு பெட்டிக்குள்ள போயிருச்சு, ஆப்புல ஏழாம் நம்பருக்குத் தொண்ணூத்தஞ்சு மார்க்கு விழுந்து பாராட்டுக்கள்னு வருது, முன்னெல்லாம் வேன் வேகமாப் போனாப் பதறிக்கிட்டு இருந்த நான் இப்ப அது மெதுவாப் போயி அவளைச் செவத்தோரத்துல உக்கார வைக்கிற அன்னைக்குத்தான் பதறிக்கிட்டு உக்காந்திருக்கேன்.